புறம்பே என்பதற்கு நான் எழுதிய ஆங்கிலம்

சென்ற மாதம் விம்பிள்டனில் இளம் உரைபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இருபத்தொரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்னுடைய நேரம். முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு, "அன்ரி, ஏதாவது ஃபன்னியாச் சொல்லுங்கோ. எல்லாரும் ரயர்டா இருக்கினம்," என்றாள்.

சொன்னேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "மகன் என்னோட கதைக்கிறேல்லை" என்று டொக்டரிடம் அழுததை, சென்னையிலிருந்து வந்த பிள்ளை ஒருவர் "மகன் எனக்குக் கதை சொல்வதில்லை" என்று ஆங்கிலப்படுத்தியதும், டொக்டர் அந்த அம்மாவுக்கு நூலக அட்டை எடுத்துக் கொடுக்க யோசித்ததும். எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். டிராமில் வீட்டுக்கு வரும்போது என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு வந்திருந்தேன்.

அதை இப்போது எழுதுகிறேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வாசித்து முடித்தால் தொழிலில் பற்று வரும் என்றும் நான் உறுதி சொல்லமாட்டேன்.

நான் தொழிலுக்கு வந்த விதத்துக்கு நாலு வரி போதும். எண்பதுகளில் லண்டனுக்கு வந்தேன். சான்ட்விச் தொழிற்சாலையில் மூன்று வருடம் வெள்ளரிக்காய் வெட்டினேன். வகுப்புக்குப் போய்த் தட்டச்சுப் பழகினேன். தமிழ் தெரிந்த தட்டச்சாளர் தேவை என்று கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டு ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போனேன், எடுத்துவிட்டார்கள்.

அது ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இருந்த சட்டத்தரணிகள் அலுவலகம். படியேறினால் மூன்று அறை. நடு அறை மிஸ் பெட்ரியுடையது. அவர் ஸ்கொட்லாந்துக்காரி, அபர்டீன் பக்கம். நான் சேர்ந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். எங்கள் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் நம்முடைய ஆட்கள், அகதி விண்ணப்பம் போட்டவர்கள். அவர்கள் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலமாக்க, அது வாக்குமூலமாகி, குரோய்டனில் இருக்கிற குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்துக்குப் போகும். அங்கே யாரோ ஒருவர் அதைப் படித்து, இவரை நம்பலாமா இல்லையா என்று முடிவு செய்வார். அவ்வளவுதான் வேலை. ஒரு மனிதரின் கழுத்து என்னுடைய ஆங்கிலத்தில் தொங்கும் என்று அந்த அறிவித்தல் துண்டில் போட்டிருக்கவில்லை.

மிஸ் பெட்ரியிடம் கோடு போடுகிற மர அடிமட்டம் ஒன்று இருந்தது. நான் தட்டச்சு செய்ததை மேசையில் விரித்து, முதல் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைப்பார். அந்த வரியைச் சத்தமாக வாசிப்பார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்ப்பார். கட்சிக்காரர் சொன்ன தமிழை நான் அப்படியே சொல்லவேண்டும். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. "இவவுக்கு என்ன விசரோ, விளங்காததைக் கேட்டு என்ன செய்யப்போறா," என்று முதல் மாதம் முழுக்க எனக்குள் திட்டினேன். பிறகுதான் பிடிபட்டது. அவர் என் தமிழைக் கேட்கவில்லை, நான் எங்கே தயங்குகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தயங்கிய இடத்தில் அடிமட்டம் நின்றுவிடும். தேநீர் ஆறி மேலே ஆடை பிடித்தாலும் அது நகராது.

ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் "முகாமுக்குக் கிட்ட" என்று சொன்னதை 'நியர்' என்று எழுதியிருந்தேன். "எத்தனை அடி?" என்றார் மிஸ் பெட்ரி. எனக்கு எப்படித் தெரியும்? ஆளை மறுபடி கூப்பிட்டுக் கேட்டோம். "எங்கட வளவில நிண்டு பாத்தா காவல் சென்றியில நிக்கிறவன்ர முகம் தெரியும்," என்றார் அவர். அதையே எழுத வைத்தார். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், பயப்படவேண்டியது இன், அட், வித், பை போன்ற குட்டிச் சொற்களுக்குத்தான் என்பார். அவை எங்கள் மொழியில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் முன்னால் தனியாக வந்து நிற்கும். பின்னால் இருப்பதைப் பிடுங்கி முன்னால் நடுவதுதான் என் வேலையில் முக்கால்வாசி.

இன்னொரு ஒழுங்கும் சொல்லவேண்டும், பிறகு தேவைப்படும். என்னிடம் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். இடது பக்கத்தில் அவர்கள் சொன்ன தமிழ், வலது பக்கத்தில் என் ஆங்கிலம். வாக்குமூலம் முடிந்ததும் அதை ஆளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து வைப்பார். கடைசியில் நான், தமிழில் வாசித்துக் காட்டினேன், விளங்கிச் சரியென்று ஒப்புக்கொண்டார் என்று எழுதிக் கையொப்பமிடுவேன். அன்று பின்னேரமே குறிப்புத் தாள்களைக் கிழித்து, தாள் அரைக்கும் மெசினில் போட்டுவிடவேண்டும். ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறவர்களின் இரகசியம் அது, கண்ட இடத்தில் கிடக்கக்கூடாது. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நான் இதை மீறவில்லை. அப்போது அது எனக்குப் பெருமை.

இனி அந்தச் சொல்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு பெண் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது, "மாமியாக்கள் வீட்டுக்குள்ள, நாங்கள் புறம்பா இருந்தனாங்கள்," என்றார். நான் 'அவுட்சைட்' என்று எழுதினேன். அடிமட்டம் நின்றது.

"முற்றத்தில் படுத்தார்களா?"

இல்லை என்றேன். ஒரே வளவு, அடுப்பு வேறு, அறை வேறு. சேர்ந்திருந்தாலும் சேராத மாதிரி. புறம்பு என்றால் வெளியே என்பது பாதிதான், அதோடு ஒட்டாமல், அதற்குள் அடங்காமல் என்பது மீதி. நிபந்தனைக்குப் புறம்பு என்போம், சட்டத்துக்குப் புறம்பு என்போம், குடும்பத்துக்குப் புறம்பு என்போம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் இல்லையே என்று தடுமாறினேன்.

மிஸ் பெட்ரி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "எங்களிடம் இருக்கிறது. இவர்களிடம்தான் இல்லை," என்று சொல்லி, மேசையில் கிடந்த உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அவுட், வித், இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒரே சொல்லாக. அவுட்வித். லண்டனுக்கு வந்த புதிதில் அதை எழுதினால், இந்தப் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்று நினைத்தார்களாம்.

அன்று வேலை நடக்கவில்லை. எனக்கு ஒரு பாடமே நடந்தது. 'வித்' என்றால் கூட, சேர்ந்து என்றுதானே எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்? பழங்காலத்தில் அப்படி இல்லையாம். எதிரே, முகம் பார்த்து, மாறாக என்பதுதான் அதன் பொருளாம். இன்றைக்கும் எதிர்த்து நிற்பதற்கு 'வித்ஸ்டாண்ட்' என்கிறோமே, அதில் அந்தப் பழசு ஒளிந்திருக்கிறது. ஆகவே அவுட்வித் என்றால் வெளிப்புறம் பார்த்தபடி, எல்லைக்கு அப்பால். உட்புறத்துக்கு 'இன்வித்' என்று ஒரு சோடியும் இருந்து செத்துப்போனதாம். ஸ்கொட்லாந்தின் பழைய நகரங்களில், மதிலுக்கு அவுட்வித் வியாபாரம் செய்யக்கூடாது, நாட்டுக்கு அவுட்வித் போகக்கூடாது என்றெல்லாம் எழுதி வைத்தார்களாம். முதலில் இடத்துக்கு மட்டும் சொன்னது, பிறகு காலத்துக்கு, அதிகாரத்துக்கு, விதிக்கு என்று பரவியது. ஒருகாலத்தில் 'தவிர' என்ற பொருளும் இருந்ததாம். இங்கிலாந்துக்காரர் அதே வேலைக்கு 'விதவுட்' என்பதை வைத்திருந்தார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக 'இல்லாமல்' என்று பொருள் மாறிவிட, அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்கொட்லாந்தில் இன்றும் நீதிபதி முதல் பால்காரர் வரை அவுட்வித் என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்குப் புல்லரித்தது. வடக்கே குளிரில் கிடக்கிற ஒரு சனம் எங்களுடைய புறம்புக்கு அச்சொட்டாக ஒரு சொல் வைத்திருக்கிறதே! பேச்சில் அதைப் பிடித்துக்கொண்டேன். கவுன்சிலில் போனில் சொல்வேன், கடையில் சொல்வேன். எதிரில் இருப்பவர் முழிக்க முழிக்க எனக்கு உள்ளே ஒரு கர்வம். அகதியாக வந்தவள், வெள்ளைக்காரருக்குத் தெரியாத ஆங்கிலம் பேசுகிறேன் என்கிற கர்வம். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு இந்தக் கர்வம்தான் வேர்.

ஆனால் வாக்குமூலத்தில் அதை எழுத மிஸ் பெட்ரி விடவில்லை. நான் எழுதும்போதெல்லாம் வெட்டிவிட்டு, அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி வேறு நாலு சொல் எழுத வைப்பார். "பேசு, எழுதாதே. குரோய்டனில் இருந்து படிக்கிறவர் என் ஊர்க்காரர் இல்லை," என்பார். 2007இல் ஓய்வு பெற்று அபர்டீனுக்குப் போனார். அவர் இடத்துக்கு டேனியல் வந்தான். முப்பது வயதுச் சட்டத்தரணி, நல்ல பிள்ளை, மூன்று பேருக்கான கோப்புகளை ஒருவனாகச் சுமந்தான். வரிவரியாக வாசிக்க யாருக்கும் நேரம் இல்லை. நானும் பிறகு அவுட்வித் என்று எழுதத் தொடங்கினேன். இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

2009 மாசியில் தவராசா வந்தார். வன்னியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர், முப்பத்தாறு வயது. நாற்காலியில் இருந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, எழும்பிப் போய் எங்கள் ஹீற்றரில் காதை வைத்தார். "அக்கா, இதுக்குள்ள காத்து அடைச்சிருக்கு," என்று சொல்லி, அதன் சின்னச் சாவியைக் கேட்டு வாங்கிக் காற்றைத் திறந்துவிட்டார். ஆறு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்த ஹீற்றர் அன்றோடு வாயை மூடியது. டேனியல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மனைவி சிவமலரும் நாலு வயது மகளும் அப்போது வன்னிக்குள், சண்டைக்கு நடுவில். போன் இல்லை, கடிதம் இல்லை. "எனக்கு இஞ்ச விசா கிடைச்சா அவையை எடுப்பிக்கலாம் எண்டு சொல்லுகினம். உண்மையோ அக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஓம் என்பேன். சட்டப்படி அது உண்மைதான்.

அவருடைய கதையின் முக்கியமான இடம் இது. 2007இல் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று இயக்கம் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. தவராசா பிடிகொடுக்காமல், அக்காவின் தோட்டத்துக் கொட்டிலில் மூன்று மாதம் ஒளிந்திருந்தார். பிறகு வவுனியாவுக்குத் தப்பி வந்தார். அங்கே ஆமி, இவர் இயக்கம் என்று சொல்லிப் பிடித்து அடித்தது. முதுகில் அதன் தழும்பு இருந்தது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தை என் காதில் இன்னும் இருக்கிறது.

"வன்னியில இருந்த சனம் எல்லாம் அவையின்ர பிடிக்குள்ளதான் அக்கா. பாஸ் எடுக்கவேணும், வரி கட்டவேணும், கூட்டத்துக்குப் போகவேணும். நான் அந்த மூண்டு மாசமும் இயக்கத்துக்குப் புறம்பா இருந்தனான்."

இதற்கு அவுட்சைட் போதாது. உறுப்பினர் இல்லை என்று எழுதினாலும் போதாது, வன்னியில் முக்கால்வாசிச் சனம் உறுப்பினர் இல்லைத்தான். புறம்பு. அதற்கென்றே பிறந்த சொல் என் கையில் இருந்தது. இருபத்துமூன்றாம் பந்தியில், அந்த மூன்று மாதமும் நான் இயக்கத்துக்கு அவுட்வித் இருந்தேன் என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சந்தோஷப்பட்டேன்.

டேனியல் அதை அச்செடுக்கும் முன் எழுத்துப்பிழை பார்த்தான். அவன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். கணினி அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, நடுவில் ஓர் இடைவெளி விடச் சொன்னது. விட்டான். ஒரு சொல் இரண்டானது. அவுட் வித். அந்த மூன்று மாதமும் நான் இயக்கத்தோடு வெளியே போயிருந்தேன் என்று ஆங்கிலத்தில் ஆகிவிட்டது. சேராதவர் சேர்ந்தவரானார்.

கணினியும் டேனியலும் செய்ததைச் சொல்லி நான் தப்பமுடியாது. அந்த வாக்குமூலம் மறுபடி என் கைக்கு வந்தது. பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை. தவராசா எதிரில் இருந்தார். நான் அச்சைப் பார்த்துப் பார்த்து, பந்தி பந்தியாகத் தமிழில் வாசித்தேன். இருபத்துமூன்று வந்தது. தாளில் இடைவெளி இருந்தது. என் கண்ணுக்கு அது தெரியவில்லை. பதினேழு வருடம் மிஸ் பெட்ரியின் வாயால் கேட்ட சொல்தான் தெரிந்தது. வேறு யாராவது, அவுட்வித் என்ற சொல்லையே அறியாத ஒரு உரைபெயர்ப்பாளர் வாசித்திருந்தால், தாளில் உள்ளபடி 'இயக்கத்தோட போனனான்' என்று வாசித்திருப்பார். தவராசா துள்ளி எழுந்திருப்பார். நான் வாசித்தது, "அந்த மூண்டு மாசமும் நான் இயக்கத்துக்குப் புறம்பா இருந்தனான்."

"ஓம் அக்கா. அதுதான்," என்றார். கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன். பின்னேரம் என் குறிப்புகளை மெசினில் போட்டேன்.

அந்தச் சித்திரையும் வைகாசியும் எப்படிப் போனது என்று இங்கே இருக்கிற எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஆனியில் சேதி வந்தது. சிவமலரும் பிள்ளையும் உயிரோடு, வவுனியாப் பக்கம் முட்கம்பி முகாம் ஒன்றில். தவராசா அலுவலகத்துக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார். ஆவணியில் மறுப்புக் கடிதம் வந்தது.

நான்தான் அவருக்கு அதை வாசித்தேன். லண்டனில் இறங்கிய அன்று நடந்த முதல் நேர்முகத்தில், இயக்கத்தோடு தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். தன் வாக்குமூலத்தின் இருபத்துமூன்றாம் பந்தியில், மூன்று மாதம் இயக்கத்தோடு போயிருந்ததாகச் சொல்கிறார். இரண்டில் ஒன்று பொய். அடிப்படையான விஷயத்தில் பொய் சொல்பவருடைய மற்றக் கூற்றுகளையும், தழும்பு எப்படி வந்தது என்பது உட்பட, ஏற்பதற்கில்லை. வாசித்துக்கொண்டு போனவள் அந்த மேற்கோளில் நின்றுவிட்டேன். அவர்கள் எங்கள் தாளை அச்சொட்டாக எடுத்துப் போட்டிருந்தார்கள், இடைவெளியோடு.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா."

"இல்லை. நீங்கள் சொல்லேல்லை."

"நீங்கள் வாசிக்கேக்கயும் அப்பிடி இல்லையே."

"இல்லை," என்றேன்.

டேனியல் கணினியில் தேடினான். பழைய பிரதியின் மேலேயே புதியதைச் சேமித்திருந்தான், பழசு இல்லை. "எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவர் சொன்ன தமிழ் இருந்த ஒரே இடம் என் குறிப்புப் புத்தகத்தின் இடது பக்கம். அதை நானே அரைத்துத் தூளாக்கியிருந்தேன், ஒழுங்காக, அன்றைக்கே.

அபர்டீனுக்குப் போன் எடுத்தேன். மிஸ் பெட்ரிக்கு எழுபது தாண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். "அதை எழுதினாயா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாலு நாளில் தன் கையெழுத்தில் மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். அவுட்வித் எப்படிப் பிறந்தது, பழைய நகரச் சாசனங்களில் எப்படி வருகிறது, இன்றைய ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் எப்படி வருகிறது, இந்த உரைபெயர்ப்பாளருக்கு அதைப் பழக்கியது தான்தான் என்று, ஒரு சந்தேகமும் இல்லாமல்.

ஐப்பசியில் மேல்முறையீடு. நான் சாட்சிக் கூண்டில் நின்று, ஒரு ஸ்கொட்லாந்து முன்னிடைச்சொல்லைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். தவராசா பின்னால் இருந்தார். அவருக்கு இன்னொரு உரைபெயர்ப்பாளர் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி மரியாதையான மனிதர், மிஸ் பெட்ரியின் கடிதத்தை முழுக்கப் படித்தார், நன்றாக எழுதியிருக்கிறார் என்றுகூடச் சொன்னார். பிறகு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"இந்த வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியது நீங்கள்தானா?"

ஆம்.

"அச்சில் உள்ளபடி வாசித்தீர்களா?"

ஆம் என்றால் தவராசா பொய்யர். இல்லை என்றால் என் கையொப்பம் பொய். இல்லை என்றேன்.

"அப்படியானால் உங்கள் கையொப்பம் உள்ள எந்தத் தாளை நான் நம்பவேண்டும்?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. தீர்ப்பில் எழுதியிருந்தார்: அந்தச் சொல்லின் பொருள் பற்றி ஐயம் இல்லை, அந்தச் சொல் அங்கே இருந்ததா என்பதற்குத்தான் சான்று இல்லை. விண்ணப்பதாரரின் சொந்தத் தரப்பைச் சேர்ந்த உரைபெயர்ப்பாளர், மறுப்புக்குப் பிறகு தரும் விளக்கத்துக்குச் சிறிய எடையே கொடுக்கலாம்.

வெளியே நடைபாதையில் தவராசா எனக்குத் தண்ணீர் வாங்கி வந்து தந்தார். மூடியையும் அவரே திறந்தார்.

மார்கழியில், வழமையாகக் கையெழுத்து வைக்கப் போன குடிவரவு அலுவலகத்தில் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு நிலையத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தார். "நாளைக்குப் பிளேனில ஏத்துறாங்கள் அக்கா. நீங்கள் யோசிக்காதேங்கோ. நீங்கள் வாசிச்சது சரியாத்தானே இருந்தது," என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. அந்த மனிதருக்கு அது தெரியாது. என்னைத் தேற்றத்தான் சொன்னார். கொழும்பு விமான நிலையத்துக்கு வெளியே அவருடைய சித்தப்பா ஒருவர் பொழுதுபடும் வரை காத்து நின்றாராம். தவராசா வெளியே வரவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று எவரும் சொல்லவில்லை. டேனியல் எழுதாத இடம் இல்லை.

அடுத்த சித்திரையோடு வேலையை விட்டேன். கேக் வெட்டினார்கள். இருபத்தொரு வருடத்தில் ஒரு முறைப்பாடும் இல்லாதவர் என்று வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தது.

ஆனியில் ஒருநாள் காலை, சமையலறையில் நிற்கும்போது போன் அடித்தது. தூரத்துச் சத்தம்.

"அக்கா, நான் தவராசான்ர மனுசி கதைக்கிறன். முகாமால விட்டிட்டாங்கள். மச்சான் நம்பர் தந்தவர்."

குரோய்டனில் இருக்கிற தவராசாவின் மச்சான், தீர்ப்பை எடுத்து அவருக்குப் போனில் வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

"அதில அவர் மூண்டு மாசம் இயக்கத்தோட நிண்டவர் எண்டு கிடக்காம். எனக்கு மச்சாளின்ர தோட்டத்துக் கொட்டில் எண்டுதானே சொன்னவர்? நான் பானையில சோறு குடுத்து விட்டனான் அக்கா, மூண்டு மாசமும். அந்தச் சோறு அங்க போகேல்லையோ? எனக்குப் பொய் சொன்னவரோ?"

"இல்லைத் தங்கச்சி. அவர் பொய் சொல்லேல்லை. அவர் இயக்கத்துக்குப் புறம்பாத்தான் இருந்தவர்."

"அப்ப ஆர் அக்கா அப்பிடி எழுதினது?"

"நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. நான் சொல்லத் தொடங்கினேன். ஸ்கொட்லாந்து எண்டு ஒரு இடம் இருக்கு, அங்க ஒரு சொல் இருக்கு, சேர்த்து எழுதினா ஒண்டு, பிரிச்சு எழுதினா வேற ஒண்டு. இருபது வருடம் மற்றவர்களின் வாயாக இருந்தவள், என் சொந்தத் தமிழில் ஒரு வசனம் ஒழுங்காகச் சொல்லமுடியாமல் திக்கினேன்.

"அக்கா, உதெல்லாம் எனக்கு விளங்காது," என்றார் கடைசியில். "இயக்கமெண்டு பிடிச்ச ஆக்களை வைச்சிருக்கிற இடம் வேற. மற்ற ஆக்களை வைச்சிருக்கிற இடம் வேற. பிள்ளையையும் கொண்டு ரெண்டு பக்கமும் அலைய எனக்கு ஏலாது. நான் எங்க போய் அவரைக் கேக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கோ."

தெரியாது என்று சொன்னேன்.